சிரிப்புக்கு நாலு செகண்ட்

போன மாதம் ஒரு காலை. டீயை இன்னும் வாயில் வைக்கவில்லை, அதற்குள் போன்.

"அக்கா, ஒரு டவுட்டு. உங்க படத்துல எல்லாரும் டயலாக் சொல்லிட்டு ஏன் சும்மா நிக்கறாங்க? மறந்துட்டாங்களா?"

கேட்டது திவ்யா. இங்கே மைசூரில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்கிறவள். எங்கள் நாடகக் குழு எடுத்த முதல் குறும்படத்தை அவளிடம்தான் கொடுத்திருந்தேன்.

ஆசைப்பட்டா படம் எடுத்தோம்? இல்லை. தமிழ்ச் சங்கம் ஒன்றின் மாடியில், சனிக்கிழமைதோறும் ஒத்திகை பார்க்க எங்களுக்கு ஓர் அறை உண்டு. அதை யோகா வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று சங்கத் தலைவருக்கு ஒரு யோசனை. "நாடகத்துக்கு இப்ப யாரும்மா வர்றாங்க? ஒரு காமெடிப் படம் எடுங்க. ஆண்டு விழாவுல போடுவோம். ஜனங்க சிரிச்சா ரூம் உங்களுக்கு" என்றார். என்னிடம் யாராவது இப்படிச் சவால் விட்டால் போதும்... எடுத்தே தீருவேன்.

கதை சின்னது. 'சைவம் மட்டும்' என்று போர்டு மாட்டிய வீட்டில் குடியிருக்கும் ஒரு பெண், கருவாட்டுக் குழம்பு வைக்கிறாள். அந்த நேரம் பார்த்து வீட்டு ஓனர் வருகிறார். அவ்வளவுதான்.

அந்தப் பெண், செல்வி. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர்க்காரர். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் பேக்கிங் வேலை. ஓனர், ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் முருகேசன். லொக்கேஷன், செல்வி வீட்டுச் சமையலறை. கேமரா, என் போன். லைட்டிங், ஜன்னலுக்கு எதிரே பிடித்த வெள்ளை வேட்டி. குழம்பு மட்டும் நிஜம். பேக்கப் சொன்னதும் யூனிட்டே அதைச் சாப்பிட்டது.

கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பேசிப் பழகிய குரல்கள் ஆயிற்றே! ரெண்டாவது டேக்கிலேயே பக்கத்து வீட்டம்மா கதவைத் தட்டி, "ஏன் சண்டை போடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சத்தத்தைக் குறைத்தோம். ஆனால் இன்னொரு பழக்கம் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் குழுவில் ஒரு சட்டம் உண்டு — சிரிப்பின் மேல் பேசக்கூடாது. ஜோக் சொன்னால் நிற்க வேண்டும். சபை சிரித்து அடங்கிய பிறகுதான் அடுத்த வசனம். ஆக, ஓனர் மூக்கைச் சுளித்து "என்னம்மா வாசனை இது?" என்கிறார். செல்வி கரண்டியோடு திரும்பி, "புது ஊதுவத்தி சார். இன்னும் மார்க்கெட்டுக்கு வரலை" என்கிறார். பிறகு நிற்கிறார். நாலு செகண்ட். முருகேசனும் நிற்கிறார். அந்தச் சமையலறையில் எங்கிருந்து சிரிப்பு வரும்? இருந்தது நாங்கள் ஐந்து பேரும் ஒரு குழம்புச் சட்டியும்தான்!

எனக்காவது உறைத்திருக்க வேண்டாமா? டைரக்டர் இல்லையா நான்? நானும் போனைப் பிடித்துக்கொண்டு அந்த நாலு செகண்ட் பொறுமையாகக் காத்திருந்தேன்.

"நிக்கற இடத்தையெல்லாம் ஸ்வல்பம் கட் பண்ணிடறேன் அக்கா. படம் ஜம்முன்னு ஓடும்" என்றாள் திவ்யா. தலைவரும் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "என்னம்மா இது, எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிக்கறாங்க? கட் பண்ணுங்க. இல்லைன்னா ரூம் விஷயம் எனக்குத் தெரியாது."

ரூம் போனால் குழுவே போச்சு. எட்டுப் பேர் உட்கார யார் வீட்டில் இடம் இருக்கிறது? 'சரி, வெட்டு' என்று சொல்லத்தான் திவ்யாவுக்குப் போன் போட்டேன்.

இப்போது யார் நமக்காக நிற்கிறார்கள், சொல்லுங்கள்? போனைத் திறந்தால் ஒரு ஜோக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஜோக். நமக்குப் பதிலாகச் சிரிப்பதற்குக்கூட வீடியோ போடுகிறவர்களே சத்தம் சேர்த்துவிடுகிறார்கள். பார்க்கிறவன் சிரிப்பான் என்று நம்பி ஒருத்தி நாலு செகண்ட் நிற்கிறாள் — அது தப்பா? தப்பாகவே இருக்கட்டும். எங்கள் தப்பு. ஒரு ஃப்ரேம்கூட வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

ஆண்டு விழா. ஹால் நிறையக் கூட்டம். முதல் ஜோக் வந்தது. ஊதுவத்தி.

யாரும் சிரிக்கவில்லை.

திரையில் செல்வி கரண்டியோடு எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஒன்று... இரண்டு... அப்போது நடு வரிசையிலிருந்து ஒரு பெரியவர் உரக்க, கன்னடத்தில், "ஏனம்மா, நமகோஸ்கர காய்தா இதீயா?" என்றார். எங்களுக்காகவா காத்துக்கிட்டிருக்கே என்று!

ஹால் வெடித்தது. அதன் பிறகு ஒவ்வொரு இடைவெளியிலும் யாராவது திரைக்குப் பதில் சொன்னார்கள். கடைசியில் முருகேசன் மூக்கைச் சுளிப்பதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். திவ்யா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அய்யோ அக்கா, நல்லவேளை நான் வெட்டலை" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன்.

படம் முடிந்ததும் தலைவர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிரமாதம்! இனிமே நாடகத்தை விட்டுட்டுப் படமே எடுங்க. கிச்சன்லயே இவ்வளவு நல்லா வருதே... அப்புறம் ரூம் எதுக்கு? சாவியைக் கொடுத்துடுங்க."

எப்படி இருக்கிறது கதை? தோற்றிருந்தாலும் ரூம் இல்லை. ஜெயித்ததால் ரூம் தேவையே இல்லை!

நான் வாய் திறப்பதற்குள் செல்வி முன்னால் வந்துவிட்டார். ஃபேக்டரியில் சூப்பர்வைசரைக்கூட எதிர்த்துப் பேசாதவர்.

"சார், அத்தனை பேர் சிரிச்சாங்க. படத்துல நிக்கற எனக்கு அது கேக்கலீங்களே. நான் நின்னது அதுக்குத்தானுங்க. எனக்குக் கேக்கோணும். மேடையிலதான் கேக்கும். ரூமு வேணுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சாவி இருந்த கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

இதுவரை சங்கத்திலிருந்து இரண்டு கடிதம் வந்திருக்கிறது. இன்னும் எழுதட்டும். சனிக்கிழமை ஐந்து மணிக்கு எங்களுக்கு ஒத்திகை. யோகாக்காரர்கள் வந்தால் தாராளமாகப் பாயை விரித்து உட்காரட்டும் — முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது.