வரவு இல்லை

அச்சு மையின் வாடை முதலில் வரும், பேப்பர் பிறகுதான் வரும். தூத்துக்குடியில் அச்சான பேப்பர்க் கட்டைத் திருச்செந்தூர் பஸ்ஸிலிருந்து இறக்கி, பலசரக்குக் கடை அண்ணாச்சி எங்கள் வீட்டுப் பிரதியைத் தந்ததும் நான் நாலாம் பக்கத்தின் அடியைத்தான் பார்ப்பேன். அங்கே "தோணி வரவு" என்று ஒரு பத்தி. துறைமுகத்துக்கு வந்த தோணிகளின் பெயர்களைப் போடுவார்கள். எதுவும் வராத நாளில் "வரவு இல்லை" என்று ஒரே வரி.

என் அண்ணன் கொழும்புத் தோணியில் வேலை பார்த்தான். அவனுக்கு எழுத்து வராது. சரக்கு இறக்கி ஏற்றும் இரண்டு நாளும் கரையை விட்டு நகரவும் முடியாது. அவன் தோணியின் பெயரை நான் படித்துச் சொன்னால், அம்மா மறுநாள் முதல் பஸ்ஸில் புட்டும் கருவாட்டுக் குழம்புமாகக் கிளம்பிவிடுவாள்.

யுத்தம் வந்தது. தோணி நடமாட்டத்தை அச்சிடக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டது. பத்தியை எடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் தொடங்கிய நாளிலிருந்து ஒரு பத்தியையும் நிறுத்தியதில்லை என்று மார்தட்டிக்கொண்ட பத்திரிகை அது. அந்த வீம்பில் தினமும் "வரவு இல்லை" என்றே போட்டார்கள். தடை பற்றி அறியாத நானும் மாதக்கணக்கில் அதையே படித்தேன். "ஏளா, நல்லாப் பாரு" என்பாள் அம்மா.

ஒருநாள் தோணியை ஓட்டும் தண்டலிடம் சண்டை போட்டு விடுப்பு வாங்கிக்கொண்டு அண்ணனே வந்து நின்றான்.

"மூணு தடவ வந்துட்டுப் போயாச்சு. ஒருத்தரும் எட்டிப் பாக்கலியே."

"நீ எங்கல வந்த? வந்திருந்தா பேப்பர்ல போட்டிருப்பாம்லா" என்றாள் அம்மா.

"மவன் சொல்லுதது பொய், பேப்பர் சொல்லுததுதான் நெசமா?"

சாப்பிடாமல் போய்விட்டான். தடை விவரத்தைப் பிறகு அண்ணாச்சி சொன்னபோது அம்மா அதையும் நம்பவில்லை. "பேப்பர்காரனுக்கு நம்மகிட்ட பொய் சொல்ல என்ன வந்துச்சு?" என்றாள். எனக்கு எரிச்சலில் அழுகை வந்தது.

யுத்தம் முடிந்ததும் தோணியின் பெயர் மறுபடி வந்தது. அம்மா புட்டோடு போனாள். அண்ணன் கொழும்பிலேயே தங்கிவிட்டதாகத் தண்டல் சொல்லி அவளைத் திருப்பி அனுப்பினார். அதன்பின் அவன் வரவே இல்லை.

இன்று தோணி வரவு இருந்த இடத்தில் நகைக்கடை விளம்பரம் வருகிறது. அம்மாவும் போய்விட்டாள். சென்ற மாதம் பத்திரிகை சிறப்பு மலர் போட்டது. யுத்தத்திலும் தோணி வரவை ஒருநாள்கூடத் தவறவிடாத பெருமை அதில் அரைப் பக்கம். நடந்ததை எழுதி ஆசிரியருக்குக் கடிதம் அனுப்பினேன். இன்றுவரை போடவில்லை. அம்மா இருந்திருந்தால், நான் எழுதவே இல்லை என்று சாதித்திருப்பாள்.