உறைமோர் வந்த சந்து

எங்கள் தெருவுக்கும் பின்தெருவுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கோடியில் எங்கள் வீடு, அந்தக் கோடியில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு. கூப்பிடு தூரத்தில் பெண்ணைக் கொடுத்ததில் அம்மாவுக்கு ஏகப் பெருமை.

அக்காவின் மாமியார் கெட்டவள் இல்லை, கண்டிப்பானவள். மருமகள் பெரிய தெருவில் தனியாக நடக்கக் கூடாது. சந்து மட்டும் அவள் கணக்கில் தெரு இல்லை, கொல்லைப்புறம். அதனால் தினமும் பொழுது சாயும்போது அக்கா ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொள்வாள். "உறைமோர் வாங்கிக்கினு வரேன் அத்த" என்று கிளம்பிவிடுவாள். பாலுக்கு உறை ஊற்ற ஒரு கரண்டி மோர் அந்த வீட்டில் இல்லாமலா? மாமியாருக்கும் தெரியும், வாயைத் திறக்க மாட்டாள்.

அந்த ஒரு கரண்டி மோருக்கு அக்கா எங்கள் அடுப்பங்கரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். என் தலையைப் பின்னிவிடுவாள். அம்மா திட்டத் திட்ட டப்பாவைத் திறந்து பொட்டுக்கடலையை அள்ளித் தின்பாள். பகல் பூராவும் நான் காத்திருந்தது அந்த நேரத்துக்குத்தான்.

தெருவின் ஏக்கம் வேறு. பெருமாள் கருடன்மேல் வரும் நாளில் எங்கள் தெருமுனைவரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். உள்ளே அத்தனை பள்ளம். சாமி தூக்குகிறவர்கள் கால் வைக்க மாட்டார்கள். அன்றைக்கெல்லாம் அப்பா தறியில் உட்காராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் வார்டு கவுன்சிலர் ஒரு வழி சொன்னார். ரோடு போட நகராட்சியில் பணம் இல்லை. சந்து நகராட்சி இடம். அதை விற்றால் ரோட்டுக்கு ஆகும். பக்கத்து அரிசி மண்டிக்காரர் குடோனுக்காக வாங்கத் தயார். தெருக்காரர்கள் ஒரு மனு கொடுத்தால் போதும்.

"சந்து சும்மாதான கெடக்குது. சாமி உங்க வாசலுக்கே வருவாருபா" என்றார். அப்பாவுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை.

அந்த மனுவை எழுதியது நான். பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். தெருவிலேயே என் எழுத்துதான் முத்துமுத்தாக இருக்கும் என்று அப்பாவுக்கு நினைப்பு, எனக்கும்தான். 'சந்தை விற்பதில் எங்களுக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை' என்று மை சிந்தாமல் எழுதினேன்.

"பொண்ணு எப்பிடி வருவா?" என்று அம்மா மட்டும் கேட்டாள்.

"தார் ரோட்டுல ராணி மாட்டம் வருவா" என்றார் அப்பா. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

சந்து விலைபோயிற்று. முதலில் சுவர் எழும்பியது, பிறகு தார் போட்டார்கள். பெரிய தெரு வழியாகச் சுற்றினால் அக்கா வீடு அரை மைல்கூட இல்லை. ஆனால் ஒரு கரண்டி மோருக்காக எந்த மருமகள் அரை மைல் நடப்பாள்? அக்கா நாள் கிழமைக்கு அத்தானோடு வந்துபோகிறவள் ஆகிவிட்டாள். அம்மா மட்டும் தினமும் ஒரு கரண்டி மோரை எடுத்து வைத்து, காலையில் அதைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினாள்.

மறுவருஷம் பெருமாள் வந்தார். எங்கள் வாசலிலேயே நின்றார். அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். கற்பூரத் தட்டோடு நின்ற அம்மா சந்து இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமி போய் வெகுநேரம் கழித்து அத்தானின் சைக்கிளில் அக்கா வந்தாள். அம்மா அவளுக்குப் பாய் விரித்தாள், டம்ளரில் மோர் கொடுத்தாள். அக்கா டப்பா பக்கம் போகவே இல்லை. என் பின்னலைத் தொட்டுப் பார்த்து, "நீயே போட்டுக்கினியா?" என்றாள். அதற்குள் வாசலில் அத்தானின் சைக்கிள் மணி அடித்தது.

அம்மா உள்ளே ஓடிக் கிண்ணத்தில் உறைமோர் கொண்டுவந்தாள்.

"சைக்கிள்ல எப்பிடிமா எடுத்துக்கினு போறது? சிந்திடும்" என்று அக்கா ஏறிக்கொண்டாள்.

அம்மா கிண்ணத்தோடு தெருவில் நின்றாள். சைக்கிள் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தெருமுனை வரைக்கும் போயிற்று. சிந்தியிருக்காது.