அகிலாண்டம் ஆச்சியின் மத்தியானங்கள்

டக்... டக்... டக்.

இரண்டாம் கட்டில் பூட்டிக் கிடந்த அறைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. கட்டை மிதியடியின் சத்தம். சில அடிகள் நடந்து, கதவுக்கு உட்புறம் வந்து நின்றுவிட்டது.

முற்றத்தைச் சுற்றிய வளவுத் தாழ்வாரத்தில் பல்லாங்குழிப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அகிலாண்டம் ஆச்சியின் கையில் புளியங்கொட்டைகள் அப்படியே நின்றன. முற்றத்தில் பாத்திரம் கவிழ்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி பொன்னுத்தாயி நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டீகளா ஆச்சி?"

"கேட்டுச்சு. எலி."

"எலிக்கு மிதியடி வாங்கிக் குடுத்தது யாரு? செட்டியார் வீட்டு எலின்னா வெறுங்காலோட நடக்காதோ?"

"பேசாமத் தட்டைக் கவுத்துடி."

"நான் கவுத்துப்புட்டு அமராவதிபுதூருக்கு ஓடிருவேன். நீங்கல்ல உள்ள கிடக்கணும். எங்க வீட்டுக்கு வாங்களேன். அங்க ஆடும் கோழியும்தான் சத்தம் போடும். அதுகளுக்காச்சும் உசுரு இருக்கு."

"உன் வீட்டுக்காரன் குறட்டையை விட்டுட்டியே."

"அதைக் கேட்டா உங்க வீட்டுப் பேயே எந்திரிச்சு ஓடிப்போயிருமே!"

ஆச்சிக்குச் சிரிப்பு வந்தது. பொன்னுத்தாயியும் சிரித்தாள். ஆனால் கிளம்பும்போது, அந்த அறையின் பக்கம் முதுகைக் காட்டாமல் பக்கவாட்டிலேயே நடந்து வெளியேறினாள்.

அவள் போனதும் ஆச்சி தெருக்கதவைத் தாழ்போட்டாள். அந்தத் தாழ்ப்பாள் விழுகிற ஓசைக்காகத்தான் அவள் காலையெல்லாம் காத்திருப்பாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? காரைக்குடியில் அந்தத் தெருவே அவளை நினைத்துப் பரிதாபப்பட்டது. 'இவ்வளவு பெரிய வீட்டில் பாவம், ஒத்தையாக' என்று பேசிக்கொண்டது. பங்காளிகள் ஒருவர் பினாங்கில், ஒருவர் சென்னையில். வருஷத்துக்கு ஒருமுறை, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கு வருவார்கள். மற்ற நாளெல்லாம் வீடு முழுக்க அவள் ஒருத்திதான்.

ஆனால் அந்த ஒத்தை உயிர் எத்தனை இன்பமாக இருந்தது! முற்றத்து வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தலை உலர்த்துவாள். ஒரே ஒரு தம்ளர் காப்பியை, யாரும் கூப்பிடாததால், ஆறுவதற்குள் முழுவதும் குடிப்பாள். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை வாய்விட்டுப் படித்து, அழவேண்டிய இடத்தில் அழுவாள். வெக்கை தாங்காத நாளில் வளவுத் தரையில் பாயில்லாமல் படுத்து, கன்னத்தைக் குளிர்ந்த தளத்தில் வைத்துக்கொள்வாள். பிறகு பல்லாங்குழி. எதிராளி இல்லாமல் தனியாக ஆடும் ஆட்டத்துக்குச் சீதைப் பாண்டி என்று பெயர். காய்கள் குழி மாறி, குழி மாறி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் அவளுக்கு இப்படி ஒரு நாழிகைகூடக் கிடைத்ததில்லை. மாமியார், நாத்தனார், கொழுந்தன்மார் என்று எந்தத் தூண் மறைவில் நின்றாலும் ஒரு குரல் அவளைத் தேடி வரும். பூட்டிய அந்த அறை மட்டும் அவளை எதற்கும் அழைக்கவில்லை. நடக்கும், நிற்கும், அவ்வளவுதான். ஆரம்பத்தில் பயந்து நடுங்கியவள், வருஷங்கள் போகப் போக, "இருங்க, இந்த ஆட்டம் முடியட்டும்" என்று அதற்குப் பதில்கூடச் சொல்லப் பழகிவிட்டாள்.

அந்த அறை அவள் கணவர் வயிரவனுடையது.

கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பர்மாவுக்குக் கடை பார்க்கப் போனார். பிறகு யுத்தம் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போட, நடந்தே இந்தியாவுக்கு வந்தவர்கள் பலர். வழியிலேயே செத்தவர்களும் பலர். காய்ச்சலோடு அவரைக் காட்டுப்பாதையில் பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். அதற்குமேல் ஒரு செய்தியும் இல்லை. யுத்தம் முடிந்தும் இல்லை. சுதந்திரம் வந்தும் இல்லை.

கடைசியில் பங்காளிகள் கூடி வயிரவர் கோயிலில் பூ வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியாக வாழையிலையில் பொதிந்து சந்நிதியில் போட்டார்கள். சிவப்பு வந்தால் ஆள் இருக்கிறார். வெள்ளை வந்தால் இல்லை. பங்காளி வீட்டுச் சின்னப் பெண் ஒருத்தி குனிந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

அந்த ஒரு கணத்தில், தூண் ஓரம் நின்ற அகிலாண்டம் கண்ணை மூடி என்ன வேண்டினாள் தெரியுமா? 'சிவப்போ வெள்ளையோ, இன்றோடு முடித்துவிடு அப்பனே. வாசலைப் பார்த்துப் பார்த்து என் கண் ஓய்ந்துவிட்டது.'

வெள்ளை வந்தது.

அன்றே அவள் கழுத்திலிருந்து தாலி இறங்கியது. நெற்றி வெறுமையாயிற்று. அன்று சாயங்காலம்தான் முதன்முதலாக அந்த அறையில் மிதியடி நடந்தது. தன் வேண்டுதல்தான் அவரைக் கொன்றுவிட்டது என்று அவள் நம்பினாள். யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் படைப்பில் அவர் பெயருக்குச் சோறும் புது வேட்டியும் வைத்தார்கள். படைத்த வேட்டியை யாருக்காவது கட்டக் கொடுத்துவிடுவது அந்த வீட்டு வழக்கம். அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொன்றாக அந்த அறைக்குள் மடித்து அடுக்கிவந்தாள். தப்புக்கு அபராதம் கட்டுவது போல.

பர்மாவிலிருந்து நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறு ஐப்பசியில் ஒரு மத்தியானம். வானம் மூட்டமாக இருந்தது. பொன்னுத்தாயி போய்விட்டாள். ஆச்சி பலகை முன் உட்கார்ந்திருந்தாள். தெருக்கதவை யாரோ தட்டினார்கள்.

ஒரு கதவை மட்டும் திறந்தாள். தோளில் துணிப்பை, முழங்கால்வரை ஈரச் செம்மண் அப்பிய வேட்டி, முகம் முழுக்க நரைத்த தாடியோடு ஒரு மனிதர் நின்றிருந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடுக்கிறீகளா?"

அவள் பார்த்தாள். இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு. சின்ன வயதில் ஊருணிப் படியில் விழுந்த காயம். அவளுக்கு அவரே சொல்லியிருக்கிறார்.

முதலில் அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். உள்ளே அறையில் இருந்தவர் எப்படித் தெருவழியாக வந்தார்?

செம்பை நீட்டினாள். அவர் அண்ணாந்து குடித்தார். தண்ணீர் தாடியில் வழிந்து நெஞ்சை நனைத்தது. தொண்டை ஏறி இறங்கியது. ஆவிக்குத் தாகம் எடுக்குமா?

"அகிலாதானே?" என்றார். "என்னைத் தெரியலையா?"

"தெரியுது. உள்ள வாங்க."

வளவில் இலை போட்டு, இருந்த சோற்றையும் புளிக்குழம்பையும் பரிமாறினாள். உள்ளுக்குள் ஒரு குரல் விம்மிக்கொண்டிருந்தது. நான் கொல்லவில்லை! என் வேண்டுதல் யாரையும் கொல்லவில்லை! இத்தனை வருஷமாக நெஞ்சில் சுமந்த பாறை உருண்டு போயிற்று. அவள் வாய்விட்டு அழுதிருப்பாள். அவர் பேசத் தொடங்கியதால் அடக்கிக்கொண்டாள்.

"மேமியோ பக்கம் மலையில இருந்தேன். காய்ச்சல்ல கிடந்தவனை ஒரு பர்மாக்காரி காப்பாத்துனா. அப்புறம்... அவ கூடவே இருந்துட்டேன். அவ போயிட்டா. பிள்ளைக அங்கனயே இருக்காக. என்னைய மட்டும் கப்பல் ஏத்தி விட்டாக." அவர் குழம்பை வழித்துச் சாப்பிட்டார். "உன் கைக்குழம்பு மாறவே இல்ல."

"நான் எப்பவும் இதேதான் வைக்கிறேன்."

"இனி நான் எங்க போவேன் அகிலா? என் அறை இருக்குல்ல. ஒரு மூலையில கிடந்துக்கிறேன்." அவர் தலைநிமிர்ந்து அவள் வெள்ளைச் சேலையைப் பார்த்தார். குரல் கனிந்தது. "நீயும் இனிமே இப்படி இருக்க வேண்டாம். பூ வைக்கலாம். பொட்டு வைக்கலாம். நாலு கல்யாணத்துக்கு முன்வரிசையில போயி நிக்கலாம்."

பூ! அந்த ஒரு சொல் அவளை உலுக்கிவிட்டது. தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு இந்த வளவில் அவள் நடந்தது எத்தனை மாசம்? நெற்றி தானாகக் குறுகுறுத்தது. சரி என்று சொல்லிவிட்டால் போதும். ஊர் திரண்டு வரும். செத்தவரைப் பார்க்க வரும். பங்காளிகள் பினாங்கிலிருந்தும் வருவார்கள். அவளுக்கு மறுபடி தாலி கட்டுவார்கள். பிறகு காலையில் ஒரு குரல், மத்தியானம் ஒரு குரல். பலகை மூலைக்குப் போய்விடும். காப்பி ஆறிப்போகும். போகட்டுமே என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான், டக்... டக்... டக்.

அவர் கை சோற்றில் நின்றது. "உள்ள யாரு?"

அகிலாண்டம் மெதுவாகச் சொன்னாள். "நீங்கதான்."

"என்ன சொல்ற?"

"பூவில வெள்ளை வந்த நாள்லேருந்து நீங்கதான் உள்ள நடக்குறீக."

அவர் முகம் வெளுத்தது. பிறகு, பயத்தை மறைப்பதற்காகவோ என்னவோ, அவசரமாகச் சிரித்தார். அந்த அவசரத்தில், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

"பூ வச்சுப் பார்த்தது எனக்குத் தெரியும். மாந்தலேயில நம்மூர்க்காரர் ஒருத்தர் அப்பவே சொன்னாரு. தாலியை இறக்கிட்டாகன்னும் சொன்னாரு. நானும், சரி, அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

முற்றத்தில் மழையின் முதல் துளிகள் விழுந்தன.

"தெரியுமா?" என்றாள். "அப்பவே தெரியுமா?"

அவர் தலைகுனிந்தார்.

பூட்டைத் திறக்கும் சாவி அவள் இடுப்பில் இருந்தது. எழுந்து நடந்தாள். "கையைக் கழுவிட்டு வாங்க. உங்க அறையைப் பாருங்க."

கதவு திறந்தது. புழுங்கிய இருட்டுக்குள் முற்றத்து வெளிச்சம் மெல்ல நுழைந்தது. சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக வேட்டிகள், மஞ்சள் தடவிய நுனிகளோடு, இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடியில் இருந்தவை பழுத்துப் பழுப்பேறிவிட்டன. மேலே இருந்தது இந்த வருஷத்தியது. வாசற்படிக்கு உட்புறம், வெளியே பார்த்தபடி, ஒரு ஜோடி கட்டை மிதியடி நின்றது. போன படைப்பன்று அதைக் கட்டிலடியில் தள்ளி வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"இதெல்லாம் யாருக்கு?" அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"உங்களுக்குப் படைச்சது. வருஷந் தவறாமச் சோறு வச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, விழுந்து கும்பிட்டிருக்கேன். நீங்களும் வந்தீக, இருந்தீக. ஒரு வார்த்தை கடுத்துச் சொன்னதில்ல." அவள் கன்னத்தில் கண்ணீர் தாரை தாரையாக ஓடியது. குரல் மட்டும் உடையவில்லை. "உள்ள போங்க. உங்க அறைதானே?"

அவர் ஒரு காலைத் தூக்கினார். படிக்கு மேலே அந்தக் கால் அந்தரத்தில் நின்றது. மிதியடிகளைப் பார்த்தார். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னால முடியல அகிலா."

"உள்ள இருக்கவுகளுக்கு நான் முண்டச்சி. உங்களுக்கு நான் யாரு? நான் தாலி அறுத்து நின்னது தெரிஞ்சே அப்படியே இருக்கட்டும்னீக. இப்பவும் அப்படியே இருக்கட்டும்."

மழை வலுத்து, கூரைத் தகரத்திலிருந்து முற்றத்து அண்டாவுக்குள் கொட்டியது. அவர் பையைத் தோளில் மாட்டினார்.

"கப்பல்ல கூட வந்த சேவுகன்னு ஒருத்தன், சிங்கம்புணரியில கடை போட்டிருக்கான். வான்னு கூப்பிட்டான். அங்குட்டுப் போறேன்."

"இருங்க."

அடுக்கிலிருந்து மேலே இருந்த வேட்டியை எடுத்துக் கொண்டுவந்து நீட்டினாள். "கட்டியிருக்கிறது நனைஞ்சிருக்கு. மாத்திக்கிட்டுப் போங்க."

அவர் அதைத் தொடத் தயங்கினார். செத்தவனுக்குப் படைத்த துணியை உயிரோடு கட்டுவது எப்படி? ஆனால் குளிரில் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. வாங்கித் தூண் மறைவில் கட்டிக்கொண்டார். புதுக்கோடி மொடமொடவென்று சத்தமிட்டது. மழை குறையும்வரை முகப்பில் நின்றார். அவளும் நின்றாள். இருவருக்கும் இடையே ஒரு தூண் இருந்தது. ஒரே வீட்டில் அவர்கள் சேர்ந்து நின்ற மிக நீண்ட நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

"யார்ட்டயும் சொல்லமாட்டியே?"

"யார்ட்டச் சொல்ல? கேட்கத்தான் இங்க யாரும் இல்லையே."

மழை தூறலாயிற்று. அவர் படியிறங்கினார். தெருவில் கால் வைத்தவர் திரும்பினார். மஞ்சள் நுனி வேட்டியில், நரைத்த தாடியில், மாப்பிள்ளையா பிணமா என்று சொல்லமுடியாத ஒரு கோலம்.

"ஈரக்காத்து அடிக்குது அகிலா. கதவைச் சாத்திக்க."

கட்டிய கணவர் என்று அவர் இட்ட கட்டளைகளில் அவள் மனமாரச் செய்தது அது ஒன்றுதான். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டு கதவுகளையும் இழுத்துச் சேர்த்து, தாழ்ப்பாளைப் போட்டாள்.