மாடிப்படி ஏறியவரின் இடது கால்

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளைக் கூப்பிடுவதே ‘காது’ என்றுதான். பக்கத்து அறையில் கொசு கொட்டாவி விட்டாலும் அவளுக்குக் கேட்டுவிடும் என்பது என்ஜினியர் அண்ணனின் கிண்டல். படத்தில் வருபவர்களின் காலடி, கதவு, துணி உரசல் என்று எல்லாச் சத்தத்தையும் தனியாக எழுப்பிப் பதிவு செய்வது அவள் வேலை. ஆட்டிசம் இருப்பதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அனுப்பிவிடுவார்களோ என்று பயம். சொல்லாவிட்டால் என்றைக்காவது மாட்டிக்கொள்வோமோ என்று அதைவிடப் பயம். இன்றோடு மூன்று மாதத் தற்காலிக வேலை முடிகிறது. நிரந்தரமா, வீடா என்று டைரக்டர் சொல்ல வேண்டும்.

கதாநாயகன் மாடிப்படி ஏறும் காட்சியை, அவள் பதிவு செய்த காலடிச் சத்தத்தோடு ஓடவிட்டார்கள். டைரக்டர் பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா, இவரு ஏன் நொண்டுறாரு?”

பேசுபவரின் கண்ணைப் பார்க்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, அவருடைய புருவத்தைப் பார்த்தாள்.

“நொண்டத்தான் சார் செய்யறாரு. இடது கால் ஒவ்வொரு படியிலயும் லேட்டா விழுது.”

ஓரத்தில் நின்ற கூடத்து மேனேஜர் சட்டென்று நிமிர்ந்து அவளைப் பார்த்தார். தொலைந்தோம் என்று நினைத்தாள். முந்தைய இரண்டு வேலைகளும் இப்படி ஒரு பதிலுக்குப் பிறகுதான் போயின.

டைரக்டர் நெற்றியைத் தேய்த்தார். “ஷூட்டிங்ல அவருக்குக் கால் பிசகிடுச்சு. எடிட்டர்கூடக் கண்டுபிடிக்கல. உங்க சத்தத்தைக் கேட்டா இப்ப கண்ணுக்கும் தெரியுது. மாத்துங்க. நல்லா நடக்குற ஆளா வேணும்.”

அவள் ஆண்கள் ஷூவை மாட்டிக்கொண்டு பலகைமேல் ஏறினாள். திரையில் இடது கால் தயங்கிய இடத்திலெல்லாம் இவள் கால் தயங்காமல் விழுந்தது. ஓட்டிப் பார்த்தார்கள். நொண்டல் இருந்த சுவடே இல்லை.

“இவங்களையே வச்சுக்குங்க,” என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு டைரக்டர் கிளம்பினார். மேனேஜரும் பின்னாலேயே போனார்.

கூடத்தில் என்ஜினியர் மட்டும் மிஞ்சினார். “ஒரே டேக்ல எப்படிம்மா மறைச்சே?”

வேலை கைக்கு வந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் நாளையும் மறுநாளும், வருஷக்கணக்கில், இதே அறையில் புருவங்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது.

“எனக்குப் பழக்கம்ணா. என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. சின்ன வயசுலேர்ந்து மறைச்சுக்கிட்டே வர்றேன்.”

அவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.