டிக்கெட் வாங்கிப் போன நோம்பி

எங்கள் பக்கத்தில் சண்டைகூட மரியாதையாகத்தான் நடக்கும். வெட்டுவேன் குத்துவேன் என்று நிற்பவர்கூடக் கடைசியில் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவார். வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுவிட்டு, கோயமுத்தூர்க்காரர்கள் எவ்வளவு சாந்தமானவர்கள் என்று மெச்சிக்கொண்டு போவார்கள். அவர்கள் என் அம்மாவையும் அத்தையையும் அந்தப் பண்ணையில் பார்த்திருக்க வேண்டும்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. சூலூரில் வீட்டை ஒட்டியே எங்களுக்கு நான்கு விசைத்தறிகள் இருந்தன. அந்த ஆடி மாதம் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கேதம் விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நோம்பி கிடையாது. நோம்பி என்றால் எங்களுக்குப் பண்டிகை. தீபாவளி அப்படியே சத்தமில்லாமல் போயிற்று. தை பிறப்பதற்கு முன்னால், அப்பாவின் அக்காவான அத்தை ஒண்டிப்புதூரிலிருந்து பஸ் ஏறி வந்து, கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் இருக்கும்போது ஓர் அறிவிப்புச் செய்தார்.

"இது தம்பி போயிட்ட வருசம். என் ஊட்லயும் பானை ஏறாது. அடுத்த வருசத்துல இருந்து நானே வந்து உங்க ஊட்டுப் பொங்கலை வெச்சுக் குடுத்தர்றேன் அம்மணி. நீ ஒண்ணும் கவலைப்படாத."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. வேலை மிச்சம்தானே. கணவனை இழந்தவள் பொங்கல் பானையைத் தொடக் கூடாது, அதனால் ஆயுள் முழுக்க எங்கள் வாசலில் இன்னொருத்தி வந்து அடுப்புப் பற்றவைப்பாள் என்பதுதான் அந்த இனிப்புப் பேச்சின் பொருள். அம்மா, "செரிங்க நங்கையா" என்று மட்டும் சொன்னாள். கணவனின் அக்காவை எங்கள் பக்கம் நங்கையா என்பார்கள்.

இதே சொந்தபந்தம்தான், காரியம் முடிந்த மறுநாளே அம்மா தறியில் போய் நின்றபோது தைரியசாலி என்று பாராட்டியது. தறி ஓடினால்தான் சோறு. ஆகவே தறிக்கு அந்தக் கை ஆகும், பானைக்கு ஆகாது. இந்த நியாயத்தை முதலில் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன், 'ங்க' போடாமல்.

பொங்கலன்று எங்கள் வீட்டைத் தவிர மற்ற எல்லா வீட்டுப் பொங்கலும் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு தூக்குப்போசியாக அம்மா வாங்கி வைத்தாள், கழுவித் திருப்பிக் கொடுத்தாள். கொண்டுவந்தவர்கள் என் தலையைத் தடவி உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். நான் எல்லா வீட்டு முந்திரியையும் பொறுக்கித் தின்றேன். அம்மா ஒரு கரண்டிகூட வாயில் வைக்கவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் அவள் எனக்குத் தலை பின்னிவிட்டு, நல்ல பாவாடையை எடுத்துக் கொடுத்தாள். பண்ணைக்குப் போகலாம் என்றாள்.

அந்தப் பண்ணை சூலூரைத் தாண்டி பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் வரும். யாரோ ஒரு மில் முதலாளி குடும்பத்துடையது. பருவத்துக்கு ஒரு விழா வைத்து, டவுன் குடும்பங்களை டிக்கெட் போட்டு உள்ளே விடுவார்கள். கோடையில் மாம்பழ விழா, ஆடியில் ஊஞ்சல் விழா, தையில் பொங்கல் விழா. கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுக்கலாம், டிராக்டர் டிரெய்லரில் உட்கார்ந்து தென்னந்தோப்பைச் சுற்றி வரலாம். பால் பாக்கெட்டில் வருகிறது என்று நம்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் மாட்டைப் பார்த்து அலறுவதை இலவசமாகப் பார்க்கலாம். அப்பா இருந்தபோது மாம்பழ விழாவுக்குத் தவறாமல் போவோம். பொங்கல் விழாவுக்கு மட்டும் போனதில்லை, பொங்கல்தான் வீட்டிலேயே இருந்ததே.

"நமக்குத்தான் நோம்பி இல்லியேம்மா?"

"டிக்கெட்டு வாங்கிட்டுப் போறது நோம்பி ஆகாது கண்ணு."

எனக்கும் அது சரியாகவே பட்டது. எந்தச் சாமியும் வாசலில் டிக்கெட் கிழித்து நான் பார்த்ததில்லை.

உள்ளே போனதும் நான் டிராக்டர் பக்கம் இழுத்தேன். அம்மா என்னைத் தென்னந்தோப்புப் பக்கம் இழுத்தாள். அங்கே வரிசையாகச் செங்கல் கூட்டிய அடுப்புகள், மண்பானைகள், அரிசி, வெல்லம், எரிக்கத் தென்னை மட்டைகள். குடும்பப் பொங்கல் போட்டியாம். எந்தக் குடும்பத்தின் பானை முதலில் பொங்குகிறதோ அதற்குப் பரிசு. பரிசை மேசைமேல் வைத்திருந்தார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிவப்பு ஹாட்பாக்ஸ். எனக்கு அது வேண்டுமென்றால் வேண்டும். நான் டிராக்டரை மறந்துவிட்டேன்.

மைக் பிடித்த இளைஞர், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று அறிவித்துக்கொண்டே வந்தவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"சார் எங்கீங்க மேடம்?"

"இல்லீங்க. நாங்க ரெண்டு பேருதானுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மைக்கைக் கீழே இறக்கி, "கடைசில ஒரு அடுப்பு மிச்சமிருக்குங்க. பரவால்லீங்களா?" என்றார்.

"அது போதுங்க."

அம்மா குந்தி உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி உடைந்தது. அடுத்தது காற்றில் அணைந்தது. பக்கத்து அடுப்புகளில் புகை கிளம்பிவிட்டது. சீக்கிரம் சீக்கிரம் என்று நான் அவள் முதுகில் குத்தினேன். பஞ்சு பறக்கும் தறிக்குடோனில் ஓடுகிற தறிக்குள் கைவிட்டு அறுந்த இழையைப் பிடிக்கிறவள் அவள். அந்தக் கை ஒரு தீப்பெட்டியிடம் ஏன் அப்படித் தடுமாறியது என்று எனக்குப் புரியவில்லை. ஒருவழியாகத் தென்னம் பன்னாடை பற்றிக்கொண்டது.

"ஏ அம்மணி."

நிமிர்ந்து பார்த்தால் அத்தை. இரண்டு கையிலும் ரோஸ் நிறத்தில் பஞ்சுமிட்டாய்.

தம்பி போய்விட்டதால் வீட்டில் பானை ஏற்றாத அத்தை, பொங்கல் விழாவில் பஞ்சுமிட்டாயோடு நின்றால் யாருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும். அவர் முதலில் தன் பக்கத்தைச் சரிசெய்துகொண்டார்.

"பேரப்புள்ளைக அழுதுச்சுக. அதான் கூட்டிட்டு வந்தேன். டிக்கெட்டு வாங்கி வேடிக்கை பாக்கறது நோம்பி ஆகாதல்லோ."

"ஆகாதுங்க நங்கையா. நானும் புள்ளைகிட்ட அதைத்தான் சொன்னேனுங்க" என்றபடி அம்மா மட்டையை உள்ளே தள்ளினாள்.

"வேடிக்கை பாக்கறது வேற, பானை வெக்கறது வேற. நாலு சனம் பாத்தா என்ன சொல்லும்? நாந்தான் வந்து வெச்சுக் குடுக்கறேன்னு சொன்னனல்லோ." அத்தை பஞ்சுமிட்டாய்களை என் கையில் திணித்துவிட்டு, குனிந்து எரிகிற மட்டையை வெளியே இழுத்தார்.

"கையில சுட்டுறப் போகுதுங்க" என்று அம்மா அதைப் பதமாக வாங்கி மறுபடி அடுப்பில் வைத்தாள். அத்தை இன்னொன்றை இழுத்தார். "தள்ளி நில்லுங்க நங்கையா, பொறி பறக்குதுங்க" என்று அதையும் வாங்கி வைத்தாள். இழுப்பதும் வைப்பதுமாக இது நடந்தது. குரல் உயரவே இல்லை. தூரத்திலிருந்து பார்த்தவர்கள், இந்த இரண்டு பெண்களும் எவ்வளவு ஒற்றுமையாகப் பொங்கல் வைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பானை மட்டும் சூடேறுவதும் ஆறுவதுமாக இருந்தது. எனக்கு ஹாட்பாக்ஸ் நினைப்பில் அழுகை வந்தது.

அத்தை மறுபடி கை நீட்டியபோது அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காரியம் முடிஞ்ச மறுநாளு தறி சுவிட்சைப் போட்டது இந்தக் கைதானுங்க. அன்னிக்கு வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலீங்க. உங்க தம்பி ஊட்ல இனியும் பானை நாந்தானுங்க வெப்பேன். நீங்க சாப்புட வாங்க."

அத்தை கையை விடுவித்துக்கொண்டார். ஆனால் போகவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு அங்கேயே நின்றார்.

அந்த நேரம் பார்த்து வரிசையின் மறுகோடியில் பொங்கலோ பொங்கல் என்று கூச்சல் எழுந்தது. யாரோ கண்ணாடி போட்ட அப்பாவும் பட்டுப்புடவை அம்மாவும் என் ஹாட்பாக்ஸை வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு பானையாகப் பொங்கி முடிந்தது. மைக் பிடித்தவர் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு டிராக்டர் பக்கம் போய்விட்டார். கடைசி அடுப்பில் அம்மா மட்டும் ஊதிக்கொண்டிருந்தாள். அத்தையின் பேரப்பிள்ளைகள் இரண்டும் பஞ்சுமிட்டாயைத் தேடிக்கொண்டு ஓடிவந்து, அடுப்பைப் பார்த்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டன.

நுரை கட்டியது, விளிம்பைத் தொட்டது, பானையின் எல்லாப் பக்கமும் வழிந்தது. பேரப்பிள்ளைகள்தான் முதலில் பொங்கலோ பொங்கல் என்று கத்தின. அவற்றின் வாயை அத்தையால் பொத்த முடியவில்லை. நான் கத்தவில்லை. தோற்ற பானைக்கு யார் கத்துவார்கள்? அம்மா சிரித்தாள். புகையில் கண்ணீர் ஒழுக, முகமெல்லாம் கரியாக, ஆடி மாதத்துக்குப் பிறகு முதன்முறையாகச் சத்தம் போட்டுச் சிரித்தாள்.

அடுத்த தையில் அத்தை சொன்ன சொல் மாறாமல் விடிந்ததும் விடியாததுமாக ஒரு புதுப்பானையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் எங்கள் பானை ஏற்கெனவே பொங்கி இறங்கியிருந்தது. "வாங்க நங்கையா" என்று அம்மா நாற்காலி போட்டு, இலை விரித்துப் பரிமாறினாள். அத்தை வெல்லம் கொஞ்சம் தூக்கல் என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு யாரும் எங்கள் வாசலுக்குப் பானை கொண்டு வந்ததில்லை.

ஆனால் அன்று பண்ணையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அம்மா மடியில் துணி சுற்றிய பானையை வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"தோத்துப்போயிட்டமே, எதுக்கும்மா சிரிக்கற?"

"யாரு கண்ணு தோத்தது?"

அம்மாவுக்குப் போட்டி என்னவென்றே விளங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. முதலில் பொங்குகிற பானைக்குத்தான் பரிசு, நம்முடையது கடைசி, அதனால் நாம் தோற்றுவிட்டோம் என்று சூலூர் வரும்வரை அவளுக்கு விளக்கிக்கொண்டே வந்தேன். அவளும் பானையை அணைத்தபடி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.