கல்யாணி மாமியின் வங்காளம்

கல்யாணி மாமி தூக்கத்தில் உளறுவதுகூட வங்காளத்தில்தானாம். எதிர்வீட்டு வத்சலா சொன்னாள். அவளுக்கு லேக் மார்க்கெட் அப்பளக் கடையில் யாரோ சொன்னார்களாம். தொண்ணூற்றேழில் நான் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்தபோது எல்லோரும் அதை நம்பினார்கள். நானும்தான்.

மாமி கல்யாணமாகி கல்கத்தா வந்தது எழுபத்தெட்டில். துறைமுக ஆபீஸில் இருந்த வீரராகவன் மாமா, விலை கேட்கிற அளவோடு வங்காளத்தை நிறுத்திக்கொண்டார். மாமியோ வேலைக்காரியிடமும் டிராம் கண்டக்டரிடமும் சண்டை போட்டே பாஷையைப் பிடித்துவிட்டாள். காய்காரன் அக்கா முறை வைத்து 'தீதி' என்று கூப்பிட்டு, வங்காளத்தில் எந்த ஜில்லா என்று விசாரிப்பான். மாற்றலாகி வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு மின்சார ஆபீஸ், பள்ளிக்கூடம், டாக்டர் எதுவானாலும் மாமிதான் துணை. யாராவது காகிதத்தை நீட்டினால் மட்டும் வாங்க மாட்டாள். சரியாக எழுதியிருக்கிறாயா பார்க்கிறேன், நீயே படி என்று குமாஸ்தாவை அதட்டுவாள். அந்த அதிகாரத்தை ரசித்தோமே தவிர, ஏன் என்று யோசிக்கவில்லை.

எனக்கு நேர் எதிர். ஜாம்ஷெட்பூர் பள்ளியில் வங்காளம் படித்தவள் நான். எழுத்து தண்ணீர்பட்ட பாடு, பேச வாயைத் திறந்தால் தடுமாற்றம்.

அந்தச் சனிக்கிழமை மாமி வீட்டுக்குக் காப்பிப் பொடி கேட்கப் போனேன். பட்டுவுக்கு வாயெல்லாம் புண்ணாம், ஜுரமாம், காலையில் போன் பண்ணினாளாம். மணத்தக்காளி வற்றல் சாப்பிடச் சொன்னேன் என்றாள் மாமி. பட்டு திருச்சியிலிருந்து புதிதாக வந்தவள், நாற்பது வயதிலேயே மூட்டுவலி. கணவர் குருமூர்த்தி அலிப்பூர் ஆபீஸ் வேலையாக டூரில் இருந்தார்.

டெலிபோன் அடியில் ஒரு காகித உறை. அதன் பின்புறம் பட்டுவின் நம்பரை மாமி குறித்திருந்தாள். சும்மா திருப்பிப் பார்த்தேன். மருந்துக்கடைக்காரர் பட்டுவின் பெயர் போட்டு வங்காளத்தில் எழுதியிருந்தார்: 'எட்டு மாத்திரை, இரண்டு மாதத்துக்கு. வாரத்தில் ஞாயிறு மட்டும் ஒன்று. தினமும் சாப்பிடக் கூடாது.' கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு.

இந்த மூட்டுவலி மாத்திரை அளவு மீறினால் வாயெல்லாம் புண்ணாகும், ஆபத்து என்று கேள்விப்பட்டிருந்தேன். "மாமி, பட்டு இதை எப்படிச் சாப்பிடறா?"

போன ஞாயிறு பட்டு உறையைக் கொண்டுவந்தாளாம். நீங்கள் இல்லையென்றால் இந்த ஊரில் நான் ஊமை என்றாளாம். படித்துச் சொல்ல அப்போது பக்கத்தில் குமாஸ்தா யாரும் இல்லை. மாமி உறையை எட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, தினம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று சொல்லியிருக்கிறாள். மாத்திரையை டப்பாவில் கொட்டிக்கொண்டு, உறையை இங்கேயே விட்டுப் போயிருக்கிறாள் பட்டு.

ஆறு ராத்திரி. ஆறு மாத்திரை.

உறையில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னேன். மாமி உறையைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள்.

"எனக்கு வங்காளத்துல ஓரெழுத்துகூடப் படிக்கத் தெரியாதுடி," என்றாள். "இருபது வருஷமா யாருக்கும் சொல்லலை."

பட்டுவின் நம்பரை நான்தான் சுழற்றினேன். மணி அடித்தது. மாமி என் தோளோடு ஒட்டி, ரிசீவரில் காதை வைத்தாள். குளிக்கப் போயிருப்பாள் என்று முணுமுணுத்தாள். மொட்டை மாடியில் துணி உலர்த்துகிறாளோ என்றாள். வத்சலாவின் கணவர் வெங்கட்ராமனை டாக்ஸி பிடிக்கச் சொல்லலாமா என்றேன். மாமி ரிசீவரை விடாமல் சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.