பந்திக்கு முன் ஓர் உயில்

உயில் எழுதிக் கொடுக்கிறவரைக் கண்டால் எமனின் ஏஜென்ட் வந்த மாதிரி பார்க்கிறார்கள். எனக்கோ உயில் என்று யாராவது வாயைத் திறந்தாலே உற்சாகம் தலைக்கேறிவிடும். ஸ்ரீரங்கத்தில் பத்திரம் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சை எடுத்துப் பார்த்திருப்பீர்கள். இப்ப என்ன அவசரம் என்று யாராவது டி.வி. சத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். நாமெல்லாம் ஒரே கட்சி என்பதால் ஆரோக்கியசாமி சார் கதையை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

பாலம் தாண்டி வந்தவர்

அவர் குடியிருக்கும் பாலக்கரையில் பத்திரம் எழுத ஆளா இல்லை? ஆனாலும் ஆரோக்கியசாமி சார் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி என்னிடம் வந்தார். துவாக்குடியில் லேத் ஓட்டி ரிட்டயர் ஆனவர், மனைவியை இழந்தவர். உயில் எழுதுவதை அங்கே யாராவது பார்த்தால் அவருக்கு உடம்பு முடியவில்லை என்று சர்ச்சில் ஜெபமே வைத்துவிடுவார்களாம்.

அவருக்கு இருந்தது ஒரே கவலை. மகள் ரெஜினா வீட்டின் கீழ்ப் பகுதியில் தையல் கடை வைத்து, கணவனோடு அங்கேயே குடியிருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறாள். துபாயில் இருக்கும் மகனோ, அப்பாவுக்குப் பிறகு வீட்டை விற்றுப் பங்கு போட்டுவிடலாம் என்கிறான். அவனுக்குத் தனி வீடு ஏற்கெனவே கட்டிக் கொடுத்தாயிற்று. இந்த வீடு ரெஜினாவுக்கு என்று எழுத வேண்டும். முத்திரைத்தாள்கூட வேண்டாம், இரண்டு சாட்சிகள் பார்க்கக் கையெழுத்துப் போட்டால் போதும், மனசு மாறினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம் என்றேன். பக்கத்து மேஜை சீனிவாசன் மாமாவும் டீக்கடைக்காரரும் சாட்சி. காரியம் சட்டென்று முடிந்ததில் சாருக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. "இவ்வளவுதானா? சாயங்காலம் ஆகும்னு நான் சாப்பாடு கட்டிட்டு வந்துட்டேங்க."

பத்திரிகையைப் பார்த்து எழுந்தேன்

அடுத்த வருஷம் ஜாங்கிரி டப்பாவும் கல்யாணப் பத்திரிகையுமாக வந்து நின்றார். சாருக்குக் கல்யாணம். பெண் ஃபிலோமினா, ரிட்டயர் ஆன நர்ஸ். பார்த்துப் பேசி முடித்ததே ரெஜினாதானாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜாங்கிரியைப் பாதி கடித்தபோதுதான் விஷயம் உறைத்தது, நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தேன்.

கிறிஸ்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டால், அதற்கு முன் எழுதிய உயில் தானாகச் செத்துவிடும். சட்டம் அப்படி. தாலி கட்டிய நிமிஷம் ரெஜினாவுக்கு எழுதிய உயில் காலி, வீடு பங்குக்கு வந்துவிடும். அப்பாவுக்குத் துணை தேடிக் கொடுத்த பெண்ணுக்கு இதுவா பரிசு? முன்கூட்டிப் புதிதாக எழுதினாலும் அதுவும் செல்லாது. பந்தி முடிந்ததும் காரில் வேளாங்கண்ணி புறப்படுவதாகச் சொன்ன சார், உயில் இல்லாமல் ரோட்டில் ஏறமாட்டேன் என்றார். தாலிக்குப் பிறகு, பந்திக்கு முன்பு, மண்டபத்திலேயே எழுதிவிடலாம் என்று நான் கையைத் தட்டினேன். ஃபிலோமினாவுக்கு மாடியில் ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் உரிமை, அதன்பின் மொத்தமும் ரெஜினாவுக்கு என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சீனிவாசன் மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கல்யாணப் பத்திரிகையைப் பாத்து அழுதவாளைப் பாத்திருக்கேன். குதிச்சவாளை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சாட்சிக்கு ஆள் தேடியது

சர்ச்சை ஒட்டிய மண்டபத்தில் டைப் அடித்த தாளோடு காத்திருந்தேன். சர்ச்சில் தாலி கட்டி, பூசை முடிந்து மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததுமே ரெஜினாவின் கணவர் பேனாவைத் திறந்துகொண்டு, முதல் சாட்சி நான்தான் என்று பாசமாகக் குனிந்தார். பேனாவைப் பிடுங்கிவிட்டேன். அவர்களுக்குள்ள சட்டப்படி, உயிலில் சொத்து பெறுகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சி போட்டால் அந்தச் சொத்து அவருக்குக் கிடைக்காது. ஒரே கையெழுத்தில் சொந்தப் பெண்டாட்டியின் வீட்டைப் போக்கடித்திருப்பார், மனுஷன்.

உறவு வேண்டாம் என்று தேடியதில் வீடியோக்காரர் ஒருவர் கிடைத்தார். இன்னொருவருக்காகச் சமையல்கட்டுக்கே ஓடினேன். பிரியாணி மாஸ்டர் பாயிடம், நீங்கள் ஒன்றும் படிக்க வேண்டாம், சார் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு நீங்களும் போட வேண்டும் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் துண்டில் கையைத் துடைத்தார். "தம் போட்டாச்சு மேடம். அது இறங்குறதுக்குள்ள முடிச்சிடலாம், வாங்க."

மாடிப்படி

கையெழுத்துக்கு முன் ஃபிலோமினாவுக்கும் வாசித்துக் காட்டச் சொன்னார் சார். கல்யாணப் புடவை கசங்குவதற்குள், வீடு உனக்கில்லை என்று எந்தப் பெண்ணிடம் சொல்வது? ரெஜினா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா கடைசி வரி வரை கேட்டார். வீடு ரெஜினாவுக்குத்தான் சேரணும், அவள் இல்லாமல் இந்தக் கல்யாணமே இல்லை என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ரெஜினா அழுதுவிட்டாள். நானும்தான். பிறகு, முழங்கால் வலி இருப்பதால் மாடிப்படிக்கு ஒரு கைப்பிடி போட வேண்டும், அதையும் உயிலில் சேர்க்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். உயிலில் எழுதினால் சாரின் காலத்துக்குப் பிறகுதான் அது நடக்கும், அம்மா என்றேன். "அப்ப அது உயில்ல வேணாங்க. அவர் இருக்கும்போதே நான் ஏறி இறங்கணும்."

கைப்பிடி உடனே வந்துவிட்டது, நான் வேர்த்து விறுவிறுத்து எழுதிய உயில்தான் பீரோவில் வேலைவெட்டி இல்லாமல் கிடக்கிறது, இன்னும் ரொம்ப காலம் அப்படியே கிடக்கட்டும்.